இருபது குவளை சோயா

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், முடியவில்லை, அதனால் தனித்தனியாகவே எழுதுகிறேன். நான் நலம். உன் அம்மா முழங்கால் வலி தவிர நலம். பன்றிகள் இந்த வாரத்திலிருந்துதான் நலம். உன் சித்தப்பாவைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குத் தூங்கி எழுந்து, வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போன் உன் அம்மா கையை விட்டு என் கைக்கு வரும்போது இரண்டு நிமிஷம்தான் மிச்சம் இருக்கும், சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று நான் கேட்பதற்குள் அதுவும் போய்விடும். இது இரண்டு நிமிஷத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. படித்து முடிக்கும்வரை அழாதே, முடித்த பிறகும் அழ வேண்டிய அவசியம் இல்லை.

நீ வேலைக்காக வெளியூர் கிளம்பிப் போய் ஒரு மாதம் ஆனபோது பன்றிகளின் எடைக் கணக்கு கொஞ்சம் உதைக்க ஆரம்பித்தது. சனிக்கிழமைதோறும் நான் அவற்றைத் தராசில் ஏற்றுவது உனக்குத் தெரியும். வளர்கிற பருவத்துப் பதினாறும் தலைக்கு வாரத்துக்கு நாலரைக் கிலோ போட வேண்டும், நாலு போட்டது, பிறகு மூன்றரை, பிறகு மூன்று. தீவனத்தொட்டியை நக்கிச் சுத்தமாகத்தான் வைத்தன, வயிறு நிறையத்தான் தின்றன, பார்த்தால் உருண்டையாகத்தான் இருந்தன, ஆனால் முதுகிலும் தொடையிலும் கை வைத்தால் சதை இல்லை, கொழுப்புதான் இருந்தது. அதோடு ஒன்றின் வாலை ஒன்று கடிக்க ஆரம்பித்தன. நீ டீச்சர் என்று பேர் வைத்தாயே அந்தத் தாய்ப்பன்றி, அது பதினோரு குட்டி போட்டது, பத்தே நாளில் அதன் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது, பால் போதவில்லை, குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தின. மூன்று போய்விட்டன. நான் குடற்புழு மருந்து கொடுத்தேன், தரையைக் கழுவி மாற்றினேன், தண்ணீர்க் குழாயை மாற்றினேன், இதெல்லாம் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் கால்நடை டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி தீவனத்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தார். முடிவு வந்த அன்று அவரே வந்தார். புரதம் பதினாறரை சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் பதினாலரைதான் இருக்கிறது என்றார். இரண்டே சதவீதம்தானே, அதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்டேன். அவர், "வயிறு நிறையுது, உடம்பு நிறையலை, அவ்வளவுதான்" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். மக்காச்சோளம் சூடும் சக்தியும் கொடுக்கும், நடக்கவும் கத்தவும் அது போதும், ஆனால் சதையும் பாலும் புரதத்தில் இருந்துதான் வர வேண்டும். புரதம் என்பதும் ஒரே பொருள் இல்லையாம், பல துண்டுகள் சேர்ந்ததாம், அதில் லைசின் என்று ஒன்று மக்காச்சோளத்தில் மிகக் குறைவு, சோயாப் புண்ணாக்கில் நிறைய. அந்த ஒன்று குறைந்தால் மற்ற துண்டுகள் எவ்வளவு இருந்தாலும் உடம்பு அவற்றைக் கோத்துச் சதையாக்க முடியாது, வீணாகக் கழித்துவிடும், தின்ற சோளத்தின் மிச்சச் சக்தி கொழுப்பாகப் படியும் என்றார். தாய்ப்பன்றி பாலுக்குத் தன் முதுகுச் சதையையே கரைத்துக் கொடுத்திருக்கிறது, அதுவும் தீர்ந்தபோது பால் குறைந்துவிட்டது. வாலைக் கடிப்பது கூட இந்தக் குறையால் வரலாமாம், எதையோ தேடிக் கடிக்கிறது என்றார். நான் முப்பது வருஷம் பன்றி வளர்த்தவன், இதில் பாதிதான் எனக்குத் தெரிந்திருந்தது.

சோயா குறைகிறது என்றால் போடுகிறவன் போடவில்லை என்றுதானே அர்த்தம். தீவனம் கலப்பது பதின்மூன்று வருஷமாக உன் சித்தப்பா வேலை. மூட்டை அறையை ஒட்டிய அந்தச் சின்ன அறைதான் அவன் வீடு, கல்யாணம் வேண்டாம் என்றவன், எனக்கு இருக்கிற ஒரே தம்பி. ஒரு மூட்டை சோளத்துக்கு இருபது குவளை சோயா, அதை அவன் சத்தமாக எண்ணிப் போடுவது தெருமுனைவரை கேட்கும், அதனால்தானே அவனுக்கு இருபது என்றே பேர் ஆயிற்று, சொந்தப் பேர் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. நீ ஆறு வயதில் சோளமூட்டை மேல் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து எண்ணுவாய், பதினாறுக்குப் பிறகு நேராகப் பத்தொன்பதுக்குத் தாவுவாய், அவன் கையை நிறுத்திவிட்டு நீ திரும்பி வரும்வரை காத்திருப்பான். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு.

நான் டாக்டரம்மாவையும் கூட்டிக்கொண்டு மூட்டை அறைக்குப் போனேன். சோயா மூட்டைகளை எண்ணினேன். வாங்கினதையும் தீர வேண்டியதையும் வைத்துப் பார்த்தால் மூன்று மூட்டை அதிகமாக இருந்தது. திருடினால் குறையும், இது கூடியிருக்கிறது, ஆகவே எண்ணாமல் அரைகுறையாய் அள்ளிப் போட்டுவிட்டு வாயால் மட்டும் இருபது வரை கத்தியிருக்கிறான் என்று நான் முடிவு செய்தேன். செய்ததோடு நிற்காமல் அந்த அம்மாள் முன்னாலேயே சொன்னேன். அவன் முதலில் சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இருபதுதான் போடுகிறேன் அண்ணே, ஒரு நாளும் குறைத்ததில்லை, வேண்டுமானால் ஒரு நாள் வந்து உட்கார்ந்து நீங்களே எண்ணிப் பாருங்கள் என்றான். அதற்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றி எழுதினால் உனக்கு விஷயம் புரியாது. "நான் உக்காந்து பாக்கிற அன்னிக்கு நீ சரியாத்தான் போடுவே" என்றேன். டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவன் குவளையை ஆணியில் மாட்டினான், கையைத் துடைத்தான், அன்று மத்தியானம் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு சலவைக்கடைக்காரர் வீட்டு மாடிக்குப் போய்விட்டான். உன் அம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள். அவளிடம், போய் வருகிறேன் அண்ணி என்று மட்டும் சொன்னானாம். உனக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவளைத் தடுத்தேன், அவள் மேல் கோபப்படாதே.

அதற்குப் பிறகு நானே கலந்தேன். இதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். சுவரில் நான் என் கையாலேயே பெயிண்டில் எழுதி வைத்தது அப்படியே இருக்கிறது, சோயா இருபது. ஆணியில் இருந்து குவளையை எடுத்தேன், தலைதட்டி இருபது போட்டேன், ஒன்று கூட விடவில்லை. மூன்று வாரம் போட்டேன். சனிக்கிழமை தராசு மூன்று கிலோ காட்டியது, அடுத்த சனிக்கிழமை மூன்று, அதற்கடுத்ததும் மூன்று. டீச்சரின் குட்டிகள் எழுந்திருக்கவே சோம்பல்பட்டன. சோயா மூட்டை தீர வேண்டிய நாளில் மறுபடியும் அரை மூட்டைக்கு மேல் மிச்சம் நின்றது. அன்றைக்கே எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். தப்பு செய்தவனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது போலிருக்கிறது. புண்ணாக்கே மட்டம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவரிடமும் போய்க் கத்திவிட்டு வந்தேன். அவர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார், நான் குடிக்கவில்லை.

அந்த வாரம்தான் உன் கடிதமும் போட்டோவும் வந்தன. உன் அறை, கட்டில், ஜன்னல், மேஜை மேல் புத்தகம். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஜன்னலில் பேனாவும் கத்தரிக்கோலும் போட்டு வைத்திருக்கிறாயே, நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் குவளை, வாய் ஓரத்தில் சில்லு பெயர்ந்தது, அதைக் காட்டி, பார், நம் வீட்டுக் குவளையை ஞாபகமாக எடுத்துப் போய் வைத்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டாள். எந்தக் குவளை என்று கேட்டேன். தீவனக் குவளைதான், இவள் கிளம்பின அன்றே ஆணியில் காணோம், இவள்தான் எடுத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், பாத்திரக்கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன் என்றாள். வெகு சாதாரணமாகச் சொன்னாள். உன் சித்தப்பா புதுசா அண்ணி என்று கேட்டானாம், பழசு உடைந்துவிட்டது என்று சொன்னாளாம், நீ எடுத்துக்கொண்டு போனதற்கு நான் சத்தம் போடுவேன் என்று பயம். அதே வெள்ளை, அதே நீல விளிம்பு, வாயும் அதே அகலம். உயரம் மட்டும் இரண்டு விரல் குறைவு. பழசு பக்கத்தில் இல்லாதபோது அது யார் கண்ணுக்குத் தெரியும்.

நான் எழுந்துபோய்ப் புதுக் குவளையில் சோயாவைத் தலைதட்டி எடுத்து நிறுத்தேன். அரைக் கிலோ. பழையதில் முக்கால் கிலோ பிடிக்கும், பதினைந்து கிலோவை நிறுத்து வைத்துக்கொண்டு அந்தக் குவளையால் அள்ளிப் பார்த்து இருபது என்று சுவரில் எழுதினவன் நான்தானே. இருபது என்று எழுதினேன், எதில் இருபது என்று எழுதவில்லை. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை மகளே. வாரா வாரம் பதினாறு பன்றியைத் தராசில் ஏற்றுகிறவன், ஒரு குவளையை அதில் வைத்துப் பார்க்க மூன்று மாதம் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. உன் அம்மா விஷயம் புரிந்ததும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன், ஞாபகத்துக்கு ஒரு குவளையை எடுத்துப்போவதும் தப்பில்லை, காணாமல் போனதற்குப் பதில் ஒன்று வாங்கி மாட்டுவதும் தப்பில்லை. தம்பி கூப்பிட்டபோது போய் உட்கார்ந்து பார்க்காததுதான் தப்பு, அது என்னுடையது, அதில் யாரும் பங்கு கேட்க வேண்டாம்.

மறுநாள் காலை குவளையையும் உன் போட்டோவையும் எடுத்துக்கொண்டு சலவைக்கடைக்குப் போனேன், அவன் அங்கேயே வேலைக்கும் சேர்ந்திருந்தான். தெருவில் வரும்போதே அவன் குரல் கேட்டது, ஏதோ ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு போலிருக்கிறது, பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்தினான். கடைக்காரரும் துணி வாங்க வந்த இரண்டு பேரும் இருந்தார்கள், அவர்கள் போகட்டும் என்று முதலில் நினைத்தேன், பிறகு, அன்று டாக்டரம்மா போகட்டும் என்று நான் காத்திருக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் இஸ்திரி மேஜை மேல் குவளையை வைத்து, அரைக் கிலோதான்டா பிடிக்கிறது, நீ சரியாகத்தான் போட்டிருக்கிறாய், நான்தான் தப்பு என்றேன். பக்கத்தில் போட்டோவை வைத்தேன். அவன் குவளையைத் தொடவே இல்லை. போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பிள்ளை இளைத்திருக்கிறாள் என்றான். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், இதுவரை திருப்பித் தரவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான். "பன்னியை எடை போடத் தராசு வச்சிருக்கீங்க அண்ணே. என்னை எதுல வச்சு எடை போட்டீங்க?" கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரிதான் கேட்டான். கடைக்காரர் இஸ்திரிப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து அவனே போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். உன் அம்மா முட்டை பொரித்து வைத்தாள், சாப்பிட்டான். அவன் வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன், நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன். சுவரில் இருபதை அடித்துவிட்டுப் பதினைந்து கிலோ என்று எழுதி, பன்றிக் கொட்டகையில் சும்மா கிடந்த முள் வைத்த தராசு ஒன்றை மூட்டை அறைக்குக் கொண்டுவந்து மாட்டினேன். இனி குவளையால் தொல்லை இல்லை என்று நினைத்தேன். அவன் உள்ளே வந்து தராசைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சரி அண்ணே என்றான். சோயாவை அள்ளித் தட்டில் போட்டு முள் பதினைந்தில் நின்றதும் சோளத்தில் கொட்டவில்லை. வாசலுக்கு வந்து, அண்ணே, வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டான். நான் எதற்குடா என்றேன். பார்த்துவிட்டால் கொட்டிவிடுவேன் என்றான். போய்ப் பார்த்தேன். அன்று முதல் ஒன்றுவிட்டு ஒரு நாள், தீவனம் கலக்கிற ஒவ்வொரு முறையும் கூப்பிடுகிறான். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாலும் சரி, சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, போகும்வரை தட்டின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். வரமாட்டேன் என்று ஒரு நாள் வீம்பாக உட்கார்ந்து பார்த்தேன், பன்றிகள் பசியில் கத்த ஆரம்பித்த பிறகும் அவன் அசையவில்லை, நான்தான் எழுந்து போனேன். முள் பதினைந்தில்தான் நிற்கிறது, ஒரு நாளும் ஒரு கோடு முன்னே பின்னே இல்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டான். எண்ண வேண்டிய வேலை இல்லையே, நான்தான் தராசு மாட்டிவிட்டேனே. எங்கே இருபது சத்தத்தைக் காணோம் என்று தபால்காரர் கேட்டார், நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

பன்றிகள் தேறிவிட்டன. போன சனிக்கிழமை நாலரைக் கிலோ, வாலைக் கடிப்பது நின்றுவிட்டது, டீச்சர் மறுபடியும் கதவைத் தலையால் முட்டி அதிகாரம் செய்கிறது, மிஞ்சின எட்டுக் குட்டியும் ஓடித் திரிகின்றன. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்றார். அவர் பார்த்தது தொட்டியைத்தானே. உன் விஷயத்துக்கு வருகிறேன். போட்டோவில் மேஜை மேல் ரொட்டிப் பாக்கெட் இருக்கிறது, அதன் பக்கத்தில் இன்னொரு ரொட்டிப் பாக்கெட் இருக்கிறது, வேறு தின்பண்டம் எதுவும் கண்ணில் படவில்லை. பன்றிக்குச் சொன்னதை மகளுக்குச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, வயிறு நிறைவது வேறு, உடம்பு நிறைவது வேறு. முட்டை வாங்கு, பருப்பு வேக வை, மீன் கிடைத்தால் விடாதே. இதை எழுதச் சொல்லி உன் அம்மா மூன்று முறை வந்து போய்விட்டாள், சித்தப்பாவும் ஒரு முறை வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனான்.

கடைசியாக ஒன்று. அந்தக் குவளை எனக்கு வேண்டும். உனக்குப் பேனா போட்டு வைக்கப் புதுக் குவளையை இதோடு தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், அந்த வேலைக்கு அந்த உயரம் போதும். பழையதை மேலும் சில்லு பெயராமல் துணியில் சுற்றித் தபாலில் போடு. மேலே என் பேரை எழுதாதே, உன் சித்தப்பா பேருக்கு அனுப்பு, அவன் சொந்தப் பேரை எழுதிப் பக்கத்தில் இருபது என்றும் எழுது, இல்லாவிட்டால் தபால்காரர் தெரு முழுக்கத் தேடுவார். உள்ளே அவனுக்கு நாலு வரி எழுதி வை, என்ன எழுதுவது என்று நான் சொல்லப்போவதில்லை, ஆறு வயதிலேயே என்னைவிட உனக்கு அவனோடு பேசத் தெரியும். பொட்டலம் வந்து சேருகிற அன்று தராசைக் கழற்றிப் பன்றிக் கொட்டகைக்கே கொண்டுபோய்விடுவேன், சுவரில் பழையபடி இருபது என்று எழுதி, எந்தக் குவளையில் என்றும் எழுதிவிடுவேன். பிறகு நான் வழக்கமாக நிற்கிற தண்ணீர்த் தொட்டிப் பக்கமே நிற்பேன். அவன் கூப்பிட்டால் போகமாட்டேன். பார்க்க வேண்டியது எதுவும் இல்லை, அவன் ஒன்று என்று ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை நான் நின்ற இடத்திலிருந்தே கேட்டுக்கொள்வேன்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்த காரியம் கைகூடி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். முட்டையை மறக்காதே. குவளையை இந்த வாரமே அனுப்பு, தள்ளிப் போடாதே.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அப்பா